பழைய அமெரிக்கக் கார் வாங்குகிறவருக்கு: எந்த ஆறு சிலிண்டர்?

1960களின் அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி, ஷெட்டில் போர்த்தி வைக்காமல் வாராவாரம் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இன்ஜினை. பலர் அங்கே யோசிக்காமல் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) பக்கம் போய்விடுகிறார்கள். ஒரே ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் இரண்டு, ஒரே நிலையில் விற்பனைக்கு வந்தால், ஆறு சிலிண்டர் வண்டியின் விலை கணிசமாகக் குறைவாக இருக்கும். விற்பவரும் "ஆறுதான்" என்று சற்றுத் தயங்கித்தான் சொல்வார். அந்தத் தயக்கத்துக்கு அவசியமே இல்லை என்பது என் கட்சி. ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்குப் பெரும்பாலும் ஆறுதான் பொருத்தம். ஆனால் எல்லா ஆறும் ஒரே தரம் கிடையாது. எதை, யார் வாங்கலாம் என்று பார்ப்போம்.

ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் நிறுத்தினால், பிஸ்டன்கள் மேலும் கீழும் போய் வரும்போது எழும் விசைகள் தமக்குள்ளேயே சமனாகிவிடும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் மிஞ்சி நிற்கும் அந்த வேகமான நடுக்கம் இதில் இல்லை. பேலன்ஸ் ஷாஃப்ட் போன்ற எந்த உபாயமும் வேண்டாம். ஒரே ஒரு சிக்கல், நீளம். பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் நீளமாக இருப்பதால், ஒவ்வொரு சிலிண்டரும் சுடும்போது அது முறுக்கிக்கொண்டு அதிரும். ஹட்சன் நிறுவனம் 1916இல் கொண்டுவந்த 'சூப்பர் சிக்ஸ்' இன்ஜினில் கிராங்கில் எதிர் எடைகளை வைத்து அதிர்வைக் குறைத்தது. இப்படிப்பட்ட திருத்தங்களால்தான் ஸ்ட்ரெய்ட் சிக்ஸ் (ஒரே வரிசை ஆறு) நம்பி வேகமாக ஓட்டக்கூடிய இன்ஜின் ஆயிற்று. கிராங்கை எத்தனை இடத்தில் மெயின் பேரிங் தாங்குகிறது, நான்கா ஏழா, என்ற கேள்வி இன்றும் இந்த இன்ஜின்களைப் பற்றிப் பேசும்போது முதலில் வருவது இதனால்தான்.

ஆறு சிலிண்டரைச் சாதாரணக் குடும்பத்திடம் கொண்டுபோனது ஷெவர்லே. 1929இல், 'நான்கின் விலைக்கு ஆறு' என்று விளம்பரம் செய்து, 194 கன அங்குல (சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு) ஓவர்ஹெட் வால்வ், அதாவது வால்வுகள் மேலே இருக்கும் இன்ஜினை இறக்கினார்கள். 46 குதிரைத்திறன். எதிரே நின்ற ஃபோர்டின் மாடல் ஏ காருக்கு நான்கு சிலிண்டர்தான். ஹென்றி ஃபோர்டுக்கோ ஆறு சிலிண்டர் என்றாலே ஆகாது. 1906இல் அவர் நிறுவனம் செய்த மாடல் கே என்ற விலையுயர்ந்த ஆறு சிலிண்டர் கார் சரியாக விற்கவில்லை. அந்தக் கசப்பு அவரை விட்டுப் போகவே இல்லை. அதனால் 1932இல் நான்கிலிருந்து நேராக எட்டுக்குத் தாவினார். ஃபோர்டு கார்களில் மறுபடி ஆறு வந்தது 1941இல். அந்த 226 கன அங்குல இன்ஜின், அதே நிறுவனத்தின் வி8க்குச் சளைக்காத 90 குதிரைத்திறன் காட்டியது.

அப்புறம் 1955 வந்தது. ஷெவர்லேயின் சிறிய, மலிவான வி8 வெளியானதும் ஆறு சிலிண்டர் 'காசில்லாதவர் வாங்குவது' என்று ஆகிவிட்டது. இன்று சந்தையில் நிலவும் விலை வித்தியாசத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. இன்ஜினின் தரத்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை.

ஆறுக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது 1960இல். சிறிய இறக்குமதிக் கார்களும் அமெரிக்கன் மோட்டார்ஸின் ராம்ப்ளரும் நன்றாக விற்பதைப் பார்த்து, டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களும் ஒரே ஆண்டில் சிறிய கார்களைக் கொண்டுவந்தன. மூன்றிலும் ஆறு சிலிண்டர். ஆனால் மூன்று பேரும் மூன்று வழியில் போனார்கள். ஃபோர்டு மெல்லிய சுவர் வார்ப்பில் எடை குறைந்த 144 கன அங்குல இன்ஜினை ஃபால்கனில் வைத்தது. கிரைஸ்லர் இன்ஜினை 30 டிகிரி சாய்த்து வேலியண்டில் படுக்கப் போட்டது. ஷெவர்லே இதையெல்லாம் விட்டுவிட்டு, அலுமினியத்தில், காற்றால் குளிரும் படுக்கை வச இன்ஜினைச் செய்து கோர்வேரின் பின்பக்கம் வைத்தது. இன்று நம் முன் இருக்கும் தேர்வுகளில் பெரும்பாலானவை அந்த ஆண்டில் தொடங்கியவைதான்.

முதலில் கிரைஸ்லரின் சாய்ந்த ஆறு, 'ஸ்லாண்ட் சிக்ஸ்'. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகப் பிடித்தது இது. சாய்த்ததால் பானெட்டைத் தாழ்வாக வைக்க முடிந்தது. வாட்டர் பம்பை முன்னால் வைக்காமல் பக்கவாட்டில் ஒதுக்கியதால் இன்ஜினின் நீளமும் குறைந்தது. சாய்வினால் பக்கத்தில் கிடைத்த இடத்தில் நீண்ட குழாய்களுள்ள இன்டேக் மேனிஃபோல்ட் உட்கார்ந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை ஓரளவு சமமாகப் போய்ச் சேர்ந்தது. 170 கன அங்குலத்தில் 101 குதிரைத்திறன், 225 கன அங்குலத்தில் 145. மெயின் பேரிங் நான்குதான். ஆனால் அதை வைத்து இதைத் தள்ளிவிட்டால் ஏமாந்து போவீர்கள். கிராங்க் 1970களின் நடுப்பகுதி வரை அடித்துச் செய்த எஃகு. பேரிங் அமரும் இடங்கள் தாராளமான பருமன். அதனால்தான் இந்த இன்ஜின் கார்களில் 1983 வரையும் டிரக்குகளில் 1987 வரையும் தாக்குப்பிடித்தது. வேகத்துக்கும் இது சளைத்ததில்லை. 1960இல் டேட்டோனாவில் சிறிய கார்களுக்கு நடந்த பந்தயத்தில், 'ஹைப்பர் பாக்' என்ற கூடுதல் பாகங்களைப் பொருத்திய வேலியண்டுகள் முதல் ஏழு இடங்களையும் பிடித்தன.

வேலியண்டையும் அதன் உறவான டாட்ஜ் டார்ட்டையும் நான் முன்னால் நிறுத்துவதற்கு இன்ஜின் மட்டும் காரணமில்லை. அதனோடு வந்த டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு மூன்று கியர். அதே காலத்தில் ஷெவர்லேயின் பவர்கிளைடுக்கும் ஃபால்கனின் ஆட்டோமேட்டிக்குக்கும் இரண்டே கியர். குறைந்த சக்தியுள்ள இன்ஜினுக்குக் கூடுதலாக ஒரு கியர் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது மேட்டில் ஏறும்போது தெரியும். டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டரை வழக்கமான பொருத்தமாக வைத்ததும் வேலியண்ட்தான். இன்று ஹெட்லைட், ஹீட்டர், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு மழையில் ஓட்டினாலும் பேட்டரி இறங்காது.

குறையும் உண்டு. 1981க்கு முந்தைய இன்ஜின்களில் வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளியைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். சோம்பல்பட்டால் டிக் டிக் என்று சத்தம் போடும். இறுக்கிவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வ் கருகும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சூட்டில் விரிந்து சுருங்க இடம் விட்டுத்தான் போல்ட்டை முடுக்க வேண்டும். பலத்தைக் காட்டி முறுக்கினால் விரிசல் விழும். 1961 முதல் 1963 வரை 225இல் அலுமினிய பிளாக்கும் வந்தது. ஆர்வலர்களுக்கு அது பொக்கிஷம்; முதல் முறை பழைய கார் வாங்குகிறவர் அதைத் தவிர்த்து வார்ப்பிரும்பு பிளாக்கை எடுப்பதே நல்லது.

இப்போது ஃபோர்டு. 1964இல் மஸ்டாங் வந்தபோது அடிப்படை இன்ஜின் 170 கன அங்குல ஆறு. சில மாதங்களிலேயே அது 200 ஆயிற்று, 120 குதிரைத்திறன், ஏழு மெயின் பேரிங். மஸ்டாங் ஆறு வாங்குவதானால் இந்த 200ஐத்தான் தேட வேண்டும். இறுக்கமான, மென்மையான, எளிய இன்ஜின். பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் கை நுழையும். ஸ்பார்க் பிளக் மாற்ற உடம்பை வளைக்க வேண்டியதில்லை. ஆனால் இதற்கு ஒரு பிறவிக் குறை. இன்டேக் மேனிஃபோல்டும் சிலிண்டர் ஹெட்டும் ஒரே வார்ப்பு. உலக்கை போல நீண்ட ஒரு குழாய், நடுவில் ஒரே கார்புரேட்டர். ஓரத்துச் சிலிண்டர்களுக்குக் கலவை சுற்றிக்கொண்டு போகும். அதனால் மற்ற இன்ஜின்களில் செய்வது போல மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்றைப் போட வழியே இல்லை. கூடுதல் சக்தி வேண்டுமென்றால் ஹெட்டையே மாற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு செய்த, மேனிஃபோல்ட் தனியாகக் கழலும் 250-2வி ஹெட்டைத் தேடி அலைகிறவர்கள் இன்றும் இருப்பது இதனால்தான்.

அப்படியென்றால் மஸ்டாங் ஆறை எதற்கு வாங்குவது? பாகங்களுக்காக. கதவு ரப்பரிலிருந்து முழு பாடி வரை புதிதாகச் செய்து விற்கும் பழைய கார் மஸ்டாங்கைப் போல இன்னொன்று இல்லை. டார்ட்டில் ஒரு வால்விளக்குக் கண்ணாடி உடைந்தால் பழைய கார் கிடங்குகளில் தேட வேண்டியிருக்கும்; மஸ்டாங்குக்கு அன்றே ஆர்டர் போடலாம். இரும்பு வேலையில் அனுபவமில்லாத, பழுது வந்தால் நாள்கணக்கில் காத்திருக்கப் பிடிக்காத ஒருவருக்கு இது இன்ஜினின் குறையையெல்லாம் ஈடுகட்டிவிடும்.

ஷெவர்லேயில் இரண்டு காலங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய 'ஸ்டோவ்போல்ட்' வரிசையில் 1937 முதல் 1953 வரை வந்த 216 கன அங்குல இன்ஜினில் கனெக்டிங் ராடுகளுக்கு அழுத்தத்தில் ஆயில் போகாது. ராடின் அடியில் உள்ள கரண்டி ஆயிலை வாரி இறைக்கும். பேரிங்கும் ஊற்றிச் செய்த பாபிட் உலோகம். அன்றைய சாலைகளின் வேகத்துக்கு அது போதும். இன்றைய நெடுஞ்சாலையில் அதை மணிக்கு 65 மைல் வேகத்தில் மணிக்கணக்காக விரட்டுவது பாவம். 1954 முதல் எல்லா 235 இன்ஜின்களுக்கும் முழு அழுத்த ஆயில் முறையும், மாற்றக்கூடிய பேரிங்குகளும், அலுமினிய பிஸ்டன்களும் வந்தன. 1950களின் உருண்டையான ஷெவர்லே வேண்டும் என்று மனதில் வைத்திருப்பவர் 1955 முதல் வந்தவற்றில் தேடட்டும். மின்சாரமும் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியது அந்த ஆண்டில்தான். இதே 235தான் மூன்று கார்புரேட்டர்களோடு 150 குதிரைத்திறனாகி, 1953இல் செய்யப்பட்ட முதல் 300 கோர்வெட்டுகளுக்குள் இருந்தது. கோர்வெட் பிறந்தது ஆறு சிலிண்டரில் என்பதை வி8 பிரியர்கள் எளிதாக மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது காலம் 1962இல் ஷெவி டூ காரோடு தொடங்குகிறது: 194, பிறகு 230, பிறகு 250 கன அங்குலம். மூன்றிலும் ஏழு மெயின் பேரிங். இதை வாங்குகிறவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கியர்பாக்ஸ் பொருந்தும் பின்முகம் ஷெவர்லே வி8இன் அதே அமைப்பு. ஓவர்டிரைவ் (இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதே வேகமாக ஓட உதவும் மேல் கியர்) உள்ள பிற்காலக் கியர்பாக்ஸ் ஒன்றைப் பெரிய வேலையில்லாமல் மாட்டிக்கொள்ளலாம். தினமும் நெடுஞ்சாலையில் போக வேண்டியவருக்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. இன்ஜின் அமைதியாகும், பெட்ரோலும் மிஞ்சும். நோவா, செவெல், கமாரோ என்று வண்டிகளிலும் தேர்வு அதிகம். 1975 முதல் வந்த 250ஐ மட்டும் விட்டுவிடுங்கள். ஃபோர்டு செய்த அதே தவறை அப்போது ஷெவர்லேயும் செய்தது: ஹெட்டையும் இன்டேக்கையும் ஒன்றாக வார்த்தார்கள். அந்த ஹெட்டுகள் விரிசல் விடுவதில் பெயர் வாங்கியவை.

அமெரிக்கன் மோட்டார்ஸின் ஆறைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அது வருத்தமான விஷயம். 1964இல் ராம்ப்ளரில் 232 கன அங்குலமாக வந்தது, ஏழு மெயின் பேரிங்கோடு. 1971இல் 258 ஆயிற்று. அதன் வழியில் வந்ததுதான் ஜீப்பின் 4.0 லிட்டர் இன்ஜின். 2006 வரை செய்தார்கள். இந்தப் பட்டியலில் வேறு எந்த ஸ்ட்ரெய்ட் சிக்ஸும் இவ்வளவு நாள் அமெரிக்க வண்டிகளில் வாழவில்லை. பிற்கால 4.0 ஹெட்டைப் பழைய 258இன் மேல் பொருத்தி மூச்சை விசாலமாக்கிக்கொள்கிறவர்கள் நிறைய. இன்னொன்று: ராம்ப்ளர் கார்களில் 1962 முதலே பிரேக்குக்கு இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வந்துவிட்டது. மற்றவர்களில் பெரும்பாலோர் 1967இல்தான் மாறினார்கள். ஒற்றை மாஸ்டர் சிலிண்டரில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். குழந்தைகளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டப் போகிறவர் குதிரைத்திறனைப் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். 1967க்கு முந்தைய வேறு எந்தக் கார் வாங்கினாலும், இரட்டை மாஸ்டர் சிலிண்டர் மாற்றும் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற மூன்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பான்டியாக் 1966இல் கொண்டுவந்த ஓவர்ஹெட் கேம் ஆறு, வால்வுகளைத் திறக்கும் கேமைக் கண்ணாடியிழை வலுவூட்டிய பெல்ட்டால் ஓட்டியது. 'ஸ்பிரின்ட்' வடிவில் 207 குதிரைத்திறன். 1969இல் 230 வரை போய், அந்த ஆண்டோடு நின்றது. அருமையான இன்ஜின், ஆனால் கேம் நேரடியாக அலுமினிய உறையில் சுழல்கிறது. ஆயிலைக் கவனிக்காத முந்தைய உரிமையாளர் கையில் அது தேய்ந்திருந்தால், மாற்று உறை கண்டுபிடிப்பது பெரும்பாடு. இரண்டாவது காராக வாங்கலாம், முதல் காராக வேண்டாம். கோர்வேர் தனி உலகம். ஃபேன் பெல்ட் மூலை திரும்பி ஓடுவதும் புஷ்ராட் குழாய்களில் ஆயில் கசிவதும் அதன் இயல்பு. வாங்குவதானால் பின்புற சஸ்பென்ஷன் முழுதாகத் திருத்தப்பட்ட 1965 முதலான வண்டியை எடுங்கள். பியூக்கின் வி6 1962இல் 198 கன அங்குலமாக வந்தது. வி8இலிருந்து பிறந்ததால் 90 டிகிரி கோணம்; அதனால் சுடும் இடைவெளி சீராக இல்லாமல், ஐடிலில் வண்டி தளும்பும். அந்த இன்ஜினின் கருவிகளை 1967இல் ஜீப் வண்டிகளைச் செய்துவந்த கைசர் நிறுவனத்துக்கு விற்று, எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1974இல் ஜெனரல் மோட்டார்ஸ் திருப்பி வாங்கியது. 1977இல் கிராங்கைத் திருத்திச் சீராக்கினார்கள். டர்போவோடு வந்த 1987இன் கிராண்ட் நேஷனல் 245 குதிரைத்திறன் காட்டியது. ஆனால் அதன் விலை இன்று வி8 கார்களையே மிஞ்சுகிறது, எனவே நம் கணக்குக்கு அது வெளியே.

ஹட்சன் ஹார்னெட்டைச் சொல்லாமல் போக முடியாது. 1951இல் வந்த அதன் 308 கன அங்குல இன்ஜின், வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும் பழைய ஃப்ளாட்ஹெட் வகை, 145 குதிரைத்திறன். எல்லாரும் ஓவர்ஹெட் வால்வுக்கும் வி8க்கும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், இந்தப் பழைய முறை இன்ஜின் அவர்களைப் பந்தயத்தில் தோற்கடித்தது. அமெரிக்கக் கார்ப் பந்தயத் தொடரான நாஸ்காரின் 1952 பருவத்தில் நடந்த 34 பந்தயங்களில் 27ஐ ஹட்சன் வென்றது. ஹெர்ப் தாமஸ் 1951இலும் 1953இலும், டிம் ஃப்ளாக் 1952இலும் சாம்பியன். இரட்டைக் கார்புரேட்டர் பொருத்திய 'ட்வின்-ஹெச்' அமைப்பும், தரை தாழ்ந்த பாடியும் அதற்கு உதவின. தனக்கென்று ஒரு வி8 உருவாக்கப் பணமில்லாமல் 1954இல் அந்த நிறுவனம் நாஷ் என்ற கார் நிறுவனத்தோடு இணைந்து கரைந்துபோனது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கும். ஹார்னெட் வாங்குகிறவர் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்: அதன் கிளட்ச், தக்கை பதித்து ஆயிலில் ஓடும் வகை. அதற்கென்று தனி ஆயில் உண்டு. உலர் கிளட்ச் மட்டுமே பார்த்த மெக்கானிக்கிடம் விட்டால் கெடுத்துவிடுவார். பணமும் நேரமும் பொறுமையும் இருப்பவருக்கு, இந்தப் பட்டியலிலேயே மிகப் பெருமையான கார் அது.

குதிரைத்திறனை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. 1971 வரை விளம்பரங்களில் வந்தது, ஃபேனும் ஏர்ஃபில்டரும் சைலன்சரும் இல்லாமல் மேசை மேல் அளந்த கணக்கு. 1972 முதல் வண்டியில் இருக்கும் நிலையில் அளந்தார்கள். ஸ்லாண்ட் சிக்ஸ் 225 அந்த மாற்றத்தில் 145இலிருந்து 110 ஆயிற்று. இன்ஜின் அதே இன்ஜின்தான். எண் குறைந்ததைப் பார்த்து 1972 மாடலை ஒதுக்கிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், 1967 முதல் 1972 வரையிலான டார்ட் அல்லது வேலியண்ட், 225 ஸ்லாண்ட் சிக்ஸ், டார்க்ஃப்ளைட் கியர்பாக்ஸ். பாகம் எளிதாகக் கிடைப்பதே முக்கியம் என்றால் மஸ்டாங் 200. தினம் நெடுஞ்சாலை என்றால் ஓவர்டிரைவ் மாட்டிய நோவா 250. எதுவானாலும், பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும் விதமும், நன்றாகச் சூடான பின் ஐடிலில் ஆயில் பிரஷர் எங்கே நிற்கிறது என்பதும், ஆறு சிலிண்டரின் கம்ப்ரஷனும் தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி. ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஏற்றபடி ஹெட்டில் கடினமான வால்வ் சீட் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

ஆறு சிலிண்டர் வண்டியை மலிவாக வாங்கி, பிறகு வி8 இறக்கிக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள். ஆறு சிலிண்டர் மஸ்டாங்கின் சக்கரத்துக்கு நான்கு போல்ட், வி8க்கு ஐந்து. பின் அச்சு, பிரேக் டிரம், ஸ்பிரிங், ரேடியேட்டர் எல்லாமே வேறு. இன்ஜினோடு அத்தனையையும் மாற்றி முடிக்கும்போது, முதலிலேயே வி8 வண்டி வாங்கியிருக்கக்கூடிய தொகையைத் தாண்டியிருப்பீர்கள்.